ஆமாங்க, நான் மனுஷிதான்

டார்லா வீஸுக்குச் சம்பளம் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. நெப்ராஸ்கா மாநிலத்துக் கிராண்ட் ஐலண்டில், பழைய தரைவிரிப்புக் கடையைத் தடுத்துக் கட்டிய ஆபீஸில் காலையில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால், சாயங்காலம் வரைக்கும் அவள் சொல்ல வேண்டியது இதுதான்: "ஆமாங்க, நான் மனுஷிதான். என் பேரு டார்லா." சில நாள் வீட்டுக்குப் போனதும் புருஷன் கர்ட் "வந்துட்டியா?" என்று கேட்பான். அதற்கும் அவள் வாய் இதையே சொல்லப் பார்க்கும்.

மற்றதையெல்லாம் மெஷின் பேசிக்கொள்ளும். டார்லாவின் எதிரில் இருக்கும் திரையில் எப்போதும் சில பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு வீடு, ஒரு போன். பெயர் பச்சையாக இருந்தால் மெஷின் விற்றுக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார், யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்து ஆள், "ஏம்மா, நீ மனுஷியா, மெஷினா?" என்று கேட்டுவிட்டால் பெயர் சிவப்பாகும். டார்லா உடனே உள்ளே புகுந்து தன் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஆள் சமாதானமானதும் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி பச்சை. விட்ட இடத்திலிருந்து மெஷின் தொடங்கும், அதே குரலில்.

அதே குரல் என்றால் டார்லாவின் குரல். அது ஒரு தனிக் கதை.

டார்லா கல்யாணமான புதிதிலிருந்து போனில் விற்றவள். ஜன்னல், தரைவிரிப்பு சுத்தம் செய்வது, காது கேட்கும் கருவி என்று எந்தக் கம்பெனி எதை விற்கச் சொன்னாலும் விற்றாள். எடுத்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் "இன்னிக்கு நாள் உங்களுக்கு நல்லா அமையட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைப் போடுவாள். இந்த ஆபீஸ் ஹாலில் அப்போது நாற்பது பேர். பிறகு மெஷின் வந்தது. மெஷினுக்குத் தொண்டை கட்டாது, அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியதில்லை, திட்டினால் கண் கலங்காது. நாற்பது பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தின வாரம் மேலாளர் பிரெண்ட் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, பக்கம் பக்கமாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னான். "உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு, டார்லா" என்றான். எதற்காகப் படிக்கச் சொல்கிறார்கள் என்று புரியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை. கர்ட்டுக்கு அந்த மாசம்தான் இருதயத்தில் இரண்டாவது ஆபரேஷன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டாள்.

அப்புறம் மாநிலம் முழுக்க மெஷின்கள் கூப்பிட்டுத் தள்ளின. ஜனங்கள் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுக்கப் பயந்தார்கள். சட்டசபைக்காரர்கள் வீட்டிலும் மணி அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் சட்டம் வருமா? மெஷின் விற்கலாம், ஆனால் கேட்பவர் "நீ மனுஷனா?" என்று கேட்டால், அப்போதே உயிருள்ள ஆள் ஒருவர் லைனுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். டி.வி.யில் கையெழுத்துப் போட்டுச் சிரித்தார்கள். மனிதர்களைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். கம்பெனி வக்கீல் அதை ஒரு மத்தியானம் உட்கார்ந்து படித்தார். ஆள் வர வேண்டும், பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதில் சொன்ன ஆள் அப்புறமும் லைனில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஆக, நாற்பது பேரில் ஏழு பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் திரும்பி வந்தது. அது இல்லாமல் கர்ட்டின் மாத்திரைகளை வாங்கக் கட்டுப்படியாகாது. டார்லா மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

மற்ற ஆறு பேர் லைனுக்குள் புகும்போதும் அவர்கள் குரல் டார்லாவின் குரலாக மாறித்தான் அந்தப் பக்கம் போகும். பேச்சு நடுவில் குரல் மாறினால் வாங்க இருப்பவர் மிரண்டுவிடுவார் என்று இந்த ஏற்பாடு. அதனால் எல்லோருமே "என் பேரு டார்லா"தான். பக்கத்து நாற்காலியில் உட்காரும் யோலி, மூன்று பிள்ளை பெற்றவள், எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருப்பாள்.

"நாள் பூரா நீயா இருந்து இருந்து இடுப்பு ஒடியுது, டார்லா. உன்னை எப்படித்தான் நீ தாங்குறே?" என்பாள் யோலி.

"எங்க தாங்குறேன்? அஞ்சு மணிக்குக் கழட்டி வச்சுட்டுல்ல போறேன்" என்பாள் டார்லா.

சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா ஜனங்கள்? சோதனை வைப்பார்கள். இருமிக்காட்டு என்பார்கள். உன் வீட்டுக்காரனைப் பற்றி ஒரு குறை சொல்லு என்பார்கள். ஒரு அம்மாள் பைபிளில் ஒரு வசனத்தைத் தப்பாகச் சொல்லச் சொன்னாள், மெஷின் தப்பே பண்ணாதாம். டார்லா அலுக்காமல் எல்லாவற்றையும் செய்வாள். அலுப்பு என்பது குரலில் தெரியாது; உள்ளே மூட்டு மூட்டாக இறங்கியிருக்கும்.

லூமிர் குச்செரா என்ற பெயர் முதலில் சிவப்பானது ஜனவரியில், நல்ல பனிக் காலத்தில். வடக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வருகிற பர்வெல் பக்கத்துக் கிழவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருந்தார். கிணற்று மோட்டாரோ வீட்டு ஹீட்டரோ கெட்டுப்போனால் வந்து சரி செய்து தரும் திட்டம் ஒன்றை மெஷின் அவரிடம் விற்றுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீ நிஜ ஆளா, இல்ல அந்தப் பேசுற டப்பாவா?"

"ஆமாங்க, நான் மனுஷிதான். என் பேரு டார்லா."

"டப்பாவும் இதைத்தானே சொல்லும்?"

"சொல்லும்தான்."

"அப்ப நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு சொல்லு."

"சில்லி. கூட சின்னமன் ரோல்."

"ரோலைத் தனியாத் தின்னியா, சில்லியில தோய்ச்சியா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்டகூட ஒத்துக்கிட்டதில்ல. தோய்ச்சுத்தான்."

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பீன்ஸும் கறியும் காரமுமாக இருக்கிற சில்லிக்குப் பக்கத்தில் பட்டை மணக்கும் இனிப்பு ரோலை வைப்பது இந்த நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டிலிருந்து வருகிற பழக்கம். வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "சரி, நீ நம்ம பக்கத்துப் பொண்ணுதான். மேல சொல்லு" என்றார் லூமிர்.

மேலே சொன்னது மெஷின். டார்லா பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த சிவப்புக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அவர் பெயர் திரையில் வந்தது. யார் எந்த நாளில் போனை நன்றாக எடுக்கிறார்கள் என்பதை மெஷின் மோப்பம் பிடித்து வைத்திருக்கும். வந்ததும் பச்சையாக இருக்கும், சீக்கிரமே சிவப்பாகும். "டார்லா, நீதானே?" என்பார். "ஆமாங்க, நான் மனுஷிதான்." "பிளாட் ஆத்துல இந்த வருஷக் கொக்குக் கூட்டம் வந்துடுச்சா?" "நேத்துலேர்ந்து வானமே தெரியல. ஓட்டல்ல எல்லாம் பைனாகுலர் மாட்டினவங்க கூட்டம்." "சரி, சரி." அரை நிமிஷம் இருக்குமா அந்தப் பேச்சு? அந்த அரை நிமிஷத்துக்காக அவள் செவ்வாய்க்கிழமைகளில் திரையைக் கொஞ்சம் ஆவலாகவே பார்த்தாள். அதை யோலி கவனித்துவிட்டுக் கிண்டல் செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். காலையிலிருந்து தன்னிடம் பேசுகிறவர்களில் தன் பதிலைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்று டார்லாவுக்குத் தோன்றியது.

பச்சையாக இருக்கும்போது நடக்கிற பேச்சை அவர்கள் ஏழு பேராலும் கேட்க முடியாது. எவ்வளவு நேரம் போகிறது என்பது மட்டும் திரையில் தெரியும். லூமிரின் பச்சை நீளமாகிக்கொண்டே போனது.

ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் பிரெண்ட் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்." அந்த ஆபீஸுக்கு அப்படி யாரும் வந்ததே கிடையாது. வாசலில் சலவைச் சட்டை போட்ட உயரமான கிழவர் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு கையில் காகிதம் மூடிய அலுமினிய ட்ரே, இன்னொரு கையில் பனிக்கட்டி போட்ட பிளாஸ்டிக் பை.

"நீதானா? ஒரு வார்த்தை பேசு, கேப்போம்."

"ஆமாங்க, நான் மனுஷிதான்" என்றாள் டார்லா, யோசிக்காமலேயே. ஹால் முழுக்கச் சிரித்தது. கிழவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது கோலாச்சி, இனிப்பு பன். நடுவுல ஆப்ரிகாட் ஜாம். லிபி இருந்திருந்தா அடி கருகாம சுட்டிருப்பா, நான் சுட்டது கருகிடுச்சு" என்று ட்ரேயை நீட்டினார். ட்ரேயின் விளிம்பில் ஒட்டிய பழைய டேப்பில், செத்துப்போன அவர் மனைவியின் பெயர் இருந்தது. பிறகு பையை உயர்த்தினார். "இது பெப்பருக்கு. நல்ல எலும்பு, கறிக்கடைக்காரன்கிட்டச் சொல்லி எடுத்து வச்சது. அதுக்குக் கால் எப்படி இருக்கு? வீக்கம் வத்திச்சா?"

டார்லா நாய் வளர்த்ததே இல்லை. கர்ட்டுக்கு நாய் முடி பட்டால் மூச்சு வாங்கும். ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது: பச்சையில் மெஷின் அவருக்குச் சொன்ன நாய். பிரெண்ட் பின்னால் நின்று பேனாவை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தான்.

"வத்திடுச்சுங்க. இப்ப பரவாயில்ல" என்றாள்.

தன் குரலில் மெஷின் ஆயிரம் சொல்லியிருக்கும். தன் வாயால் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். 

கிழவருக்கு அது தெரியவில்லை. "உங்கம்மா போன அன்னிக்கு ராத்திரியைப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, தெரியுமா. லிபி போனப்புறம் நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசினதில்ல" என்றார். டார்லாவின் அம்மா பக்கத்து ஊர் கியர்னியில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்டுச் சண்டை போட்டாள்.

புறப்படும்போது அவர் கையை நீட்டினார். டார்லா குலுக்கினாள். காய்த்துப்போன பெரிய கை.

"ஒவ்வொரு தடவையும் மனுஷியா மனுஷியான்னு கேட்டு உன்னைச் சங்கடப்படுத்திட்டேன். இனிமே கேக்க மாட்டேன். அதான் கண்ணால பாத்தாச்சே."

அவர் கேட்டால்தான் சிவப்பு. சிவப்பானால்தான் அவளுக்கு வழி. கேட்காவிட்டால் அந்த லைனில் மெஷின் மட்டும்தான் இருக்கும்.

"இல்லைங்க, கேளுங்க. தயவுசெஞ்சு எப்பவும் கேளுங்க."

லூமிரின் முகம் லேசாகச் சுண்டியது. "கை குலுக்கின ஆளை அப்புறமும் சந்தேகப்படுறதா? எங்கப்பா அப்படி என்னை வளக்கலம்மா." தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பெயர் பச்சையாக வந்து, பச்சையாகவே இருந்து, பச்சையாகவே போனது. முடிவில் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மின்னியது. நட்சத்திரம் என்றால் விற்பனை. அந்த வாரமே வியாழக்கிழமையும் வந்தது, சனிக்கிழமையும் வந்ததாக யோலி சொன்னாள். அப்புறம் இன்னொரு நட்சத்திரம். இருக்கிற ஒரே கிணற்று மோட்டாருக்கு ஒரு மனிதர் எத்தனை திட்டம்தான் வாங்குவார்?

டார்லா பிரெண்டிடம் போனாள். "அவருக்கு வேணும்னு வாங்கலை. என்கூடப் பேசணும்னு வாங்குறார். அதுவும் நான் பேசல."

பிரெண்ட் கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஒருவன், அந்த ஒருவனுக்கு மேலே ஒரு திரை. "அவர் நம்ம சேவைக்கு அஞ்சு நட்சத்திர மதிப்பு குடுத்திருக்கார், டார்லா. மாநிலத்துல நம்ம மேல ஒரு புகார் கிடையாது. அவர் கேட்டா நாம பதில் சொல்றோம். கேக்கலைன்னா என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வாடிக்கைக்காரங்ககிட்ட வெளியில பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கர்ட்டோட மருந்து ஞாபகம் இருக்கட்டும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆயாசமாக இருந்தது.

வீட்டில் சமையலறை மேடைமேல் அந்த அலுமினிய ட்ரே கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. எலும்புப் பை ஃப்ரீசரில். கர்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தான்.

"போன் பண்ணிச் சொல்லிடேன், நான் இல்லைன்னு."

"தெரிஞ்சா வேலை போயிடும்."

"தெரியும்."

"காப்பீடும் போயிடும்."

"அதுவும் தெரியும். நீ தூங்கி ஒரு மாசம் ஆச்சு, டார்லா."

சொந்த போனிலிருந்து கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"லூமிர், நான் டார்லா பேசுறேன். ஆபீஸ்லேர்ந்து இல்ல, என் வீட்டுலேர்ந்து. உங்ககிட்ட இவ்வளவு நாள் பேசிட்டிருந்தது நான் இல்லைங்க."

அவர் குரல் இறுகியது. "தெரிஞ்ச குரல், தெரியாத நம்பர். மாநிலத்துக்காரன் எல்லா வீட்டுக்கும் காந்த வில்லை அனுப்பியிருக்கான், ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். அப்படி வந்தா போனை வைன்னு போட்டிருக்கு. நீ எந்த டப்பாவோ எனக்குத் தெரியாது. டார்லா குரலைத் திருட உனக்கு வெக்கமா இல்ல?"

வைத்துவிட்டார். டார்லா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாநிலம் போட்ட சட்டமும் மாநிலம் அனுப்பிய வில்லையும் இரண்டு பக்கமும் நின்று கிழவரைப் பத்திரமாகக் காவல் காத்தன, அவளிடமிருந்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து அழுதாள்.

இனி ட்ரேதான் வழி. அடுத்தவர் வீட்டு ட்ரேயை இங்கே யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வெறுமையாகத் திருப்பித் தரவும் மாட்டார்கள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. விடிந்ததும் எழுந்து மாவு பிசைந்து, அதே ட்ரேயில் சின்னமன் ரோல் சுட்டு, சூட்டோடு காரில் வைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினாள். கொக்குகள் எல்லாம் போய்விட்டிருந்தன. வழி நெடுக வயலில் ஆள் இல்லாமல் ஓடும் டிராக்டர்களைப் பார்த்தபோது அவற்றின் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

லூமிரின் வீட்டுப் பின்கதவு திறந்துதான் இருந்தது. கம்பிவலைக் கதவுக்கு அப்பால் சமையலறை. தட்டக் கையை எடுத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"...பெப்பருக்கு இப்பல்லாம் படி ஏற முடியல, லூமிர். ராத்திரி நான்தான் தூக்கிட்டுப் போறேன். உங்களை மாதிரி அதைப் பத்தி அக்கறையா விசாரிக்க வேற யார் இருக்காங்க?"

மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்ட போன். அதன் எதிரில் முழங்கையை ஊன்றி, காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கிழவர். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் டார்லாவுக்குத் தோன்றியது. நிஜமாகவே ஒரு அடி பின்னால் வைத்தாள். படி கிறீச்சிட்டது. லூமிர் நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் ட்ரேயோடு டார்லா. மேஜையில் பேசிக்கொண்டே இருக்கிற டார்லா.

"லூமிர்? இருக்கீங்களா?" என்றது போன்.

கிழவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டார்லா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து ட்ரேயை மேஜைமேல் வைத்தாள். "கேளுங்க" என்றாள், மெதுவாக. "அதுகிட்டக் கேளுங்க."

கேட்பதற்கு அவருக்கு அவமானமாக இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏம்மா... நீ மனுஷிதானா?"

போனில் சின்ன இடைவெளி விழுந்தது. கிராண்ட் ஐலண்டில் ஒரு திரையில் ஒரு பெயர் இந்நேரம் சிவப்பாகியிருக்கும். பிறகு டார்லாவின் குரல் தெளிவாக வந்தது.

"ஆமாங்க, நான் மனுஷிதான். என் பேரு டார்லா."

பேச்சு முடிந்ததும் ஒரு விதையைக் கடிக்கிற சத்தம் கேட்டது. டார்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது யோலி" என்றாள். "என் பக்கத்து நாற்காலி. அவ சொன்னது நிஜம், மனுஷிதான். மூணு பிள்ளைங்க இருக்காங்க. அதுக்கு முன்னாடி பேசினது மெஷின். இனிமே பேசப்போறதும் அதுதான்."

லூமிர் விரலை நீட்டிப் போனை அணைத்தார். ஃப்ரிட்ஜில் மாநிலத்துக்காரனின் காந்த வில்லை மினுமினுத்தது.

"மொத்தத்துல எது நீ?"

"நீங்க கேட்டப்பல்லாம் 'ஆமாம்'னு சொன்னேனே, அது நான். கொக்கு வந்தது நான் சொன்னது. சில்லியில தோய்ச்சுத் தின்னது நான்."

"உங்கம்மா?"

"உயிரோட இருக்காங்க."

அடுத்ததைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. கேட்டார். "நாய்?"

"எங்க வீட்டுல நாயே இல்லைங்க. அன்னிக்கு உங்க முகத்துக்கு நேரா நான்தான் பொய் சொன்னேன். அது மெஷின் இல்ல."

அவர் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே இன்னும் இரண்டு பை எலும்பு, பெயர் எழுதி வைத்திருந்தார். கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

டார்லாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. வேலையையும் மருந்தையும் பணயம் வைத்து இவ்வளவு தூரம் வந்தவள். நன்றி வேண்டாம், ஆனாலும் இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை.

"இனிமே செவ்வாய்க்கிழமை எனக்கு யாரு போன் பண்ணுவா?" என்றார் கிழவர்.

டார்லா மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். ஃப்ரிட்ஜிலிருந்த காந்த வில்லையின் வெள்ளை ஓரத்தில் தன் எண்ணை எழுதினாள். "நான் பண்றேன். ஆனா கேளுங்க. ஒவ்வொரு தடவையும் கேளுங்க."

திங்கட்கிழமை பிரெண்ட் வீட்டுக்கே போன் செய்துவிட்டான். சனிக்கிழமைப் பேச்சு முழுவதும் பதிவாகியிருந்தது. கிழவர் அணைக்கும் வரைக்கும் அவள் சொன்ன எல்லாமே. அவன் ஒன்றும் அதட்டவில்லை. "ஏன் டார்லா?" என்று மட்டும் கேட்டான். பிறகு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றான். காப்பீடு மாசக் கடைசி வரைக்கும் இருக்கும் என்றான். குரல் கம்பெனியுடையது, அது வேலையில் தொடரும் என்றும் சொன்னான். மத்தியானம் யோலி கூப்பிட்டாள். "நீ போயிட்டே, நான் இன்னும் நீயாத்தான் இருக்கேன்" என்று அழுதாள். கர்ட் மாத்திரை டப்பாக்களை மேஜையில் வரிசையாக வைத்து, எதை நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். டார்லா அவற்றை வாரி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கர்ட் அடுப்பில் சூப் வைத்தான். சனிக்கிழமை லூமிர் வேண்டாவெறுப்பாகக் கையில் திணித்து அனுப்பிய எலும்பும், முன்பே ஃப்ரீசரில் கிடந்த பையின் எலும்பும் சேர்ந்து பெரிய பாத்திரத்தில் கொதித்தன. டார்லா ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணைப் போட்டாள். இத்தனை வருஷம் போனில் விற்கத்தான் பேசியிருக்கிறாள். இன்று விற்பதற்கு எதுவும் இல்லை.

"யாரு?"

"டார்லா."

"நீ மனுஷிதானா?"

"ஆமாங்க, நான் மனுஷிதான்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. மழை பெய்ததா என்று அவள் கேட்டாள், பெய்தது என்றார். ரோல் நன்றாக இருந்ததா என்றாள், இருந்தது என்றார். மெஷினாக இருந்தால் இந்நேரம் எத்தனையோ சொல்லியிருக்கும், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வைத்துவிடுவாரோ என்று பயந்தாள். ஏன் பயப்பட வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"பெப்பர் எப்படி இருக்கு?" என்றார் லூமிர், எல்லாம் தெரிந்தே.

டார்லா அடுப்பைப் பார்த்தாள். கர்ட் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "கால் சரியாயிடுச்சு. இப்ப ஓடுது."